எங்கள் சந்துக்குப் பூசிய பச்சை

அண்ணி வீட்டு வாசல் நிலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். வெள்ளைத் தாளில் கறுப்புக் கட்டங்களும் கீழே ஓர் இலக்கமும். சாரல் பட்டு ஓரம் சுருண்டு, இலக்கமும் பாதி போய்விட்டது. அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் நிலையைத் துடைத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைப்பது அண்ணியின் வழக்கம். அந்த ஸ்டிக்கரை ஒட்டிய பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, அதன் மேலும் ஒரு பொட்டு வைத்தார். இதுக்கெல்லாமா பொட்டு வைப்பாங்க என்று நான் சிரித்தேன். "நம்ம வீட்ட எழுதிக்கிட்டுப் போயிருக்காங்க பாப்பா. நல்லதே நடக்கட்டும்" என்றார். என் மகன் என்னைவிட உயரமாக வளர்ந்த பிறகும் அண்ணிக்கு நான் பாப்பாதான்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டுவேன், தேவாரம் நாலைந்து மனப்பாடம், அவ்வளவுதான். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு கோபம் கிடக்கிறது. அம்மன் சந்நிதியில் நின்றாலும் அது இறங்குவதாக இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணி அம்பிட்டியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு மஹய்யாவைக்கு வந்தவர். எங்கள் சந்தில் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். எங்கள் தகப்பன் நகரசபையில் வேலை செய்த காலத்தில் கிடைத்த வீடு. ஒரே அறை. அறையின் கடைசியில் அடுப்பு. படுப்பதும் படிப்பதும் சமைப்பதும் சாமி கும்பிடுவதும் எல்லாம் அந்த ஒரே கூரைக்குள். இரகசியம் என்று ஒன்றை அங்கே வைக்க இடமே கிடையாது. சந்துக்கு மேலே மதில் எழும்பி, அதற்கும் மேலே பெரிய ரோடு போகிறது. அந்த ரோட்டில் வைத்தியர்மாரின் வீடுகள், கடை முதலாளிமாரின் வீடுகள், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டல். அந்த ஹோட்டலில் கறி தாளிக்கிற வாசனை மதிலைத் தாண்டி எங்கள் சந்துக்குள் இறங்கும். வாசனைக்கு மட்டும் மேல்ரோடு கீழ்ச்சந்து என்ற பேதம் இல்லை.

அண்ணி விரதக்காரி என்று சந்து முழுக்கத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, சஷ்டி முருகனுக்கு, சனிக்கிழமை சனி பகவானுக்கு. நானும் விரதம் பிடிக்கிறவள்தான். ஆனால் அண்ணியோடு ஈடு கொடுக்க முடியாது. காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் துளசி இலை போட்டுக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்குவார். அந்த வருஷம் புதன்கிழமையும் விரதம் என்றார். புதனுக்கு என்ன சாமி என்று கேட்டேன். "ஏன், பெருமாளு சும்மாதானே இருக்காரு. அவரையும் கொஞ்சம் கவனிப்போமே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த வருஷம் என்று நான் சொல்வது, எரிவாயு சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே ஊர் உட்கார்ந்திருந்த வருஷம். அண்ணன் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற நாட்டாமி. டீசல் இல்லையென்று லொறிகள் நின்றன. லொறி வராவிட்டால் மூட்டை இல்லை, மூட்டை இல்லாவிட்டால் அண்ணனுக்கு வேலையும் இல்லை. அண்ணி வடை சுட்டுத் தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். எரிவாயு முடிந்து, எண்ணெயும் எட்டாத விலைக்குப் போனதும் அதுவும் நின்றது. வீட்டில் பெரியவள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவன் அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான்.

அந்த நேரத்தில்தான் கணக்கெடுக்க அந்த மிஸ் வந்தார். எந்த ஊரில் எந்தத் தெருவில் ஆட்கள் பசியோடு இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, அதை மெப்பில், வரைபடத்தில், நிறம் போட்டுக் காட்டப் போகிறார்களாம். நிறத்தைப் பார்த்து உதவி வருமாம். மிஸ் அலவத்துகொடைக்காரப் பிள்ளை, முக்காடு போட்ட இளம் பெண். கையில் சிலேட்டுப் போல ஒரு டெப். வீட்டு வாசலில் நின்று அதை வானத்துக்குக் காட்டினால், நாம் நிற்கிற இடம் மெப்பில் ஒரு புள்ளியாக விழும் என்றார். எங்கள் சந்தில் அது லேசில் விழவில்லை. ஒரு பக்கம் மதில், தலைக்கு மேல் தகரம். புள்ளி அங்குமிங்கும் துள்ளி, கடைசியில் மேல்ரோட்டு ஹோட்டலில் போய் உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்க மிஸ், அங்கயே கெடக்கட்டும். ஒரு வேளையாவது நல்ல சாப்பாடு கெடைக்கும்ல" என்றார். சந்தே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. வெயிலில் நின்று, படியில் ஏறி, டெப்பைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, புள்ளி சரியாக அண்ணி வீட்டுக் கூரையில் வந்து விழுந்த பிறகுதான் உள்ளே வந்தார். அந்தப் பிள்ளையை நான் ஒரு நாளும் குறை சொல்லமாட்டேன்.

விருந்தாளிக்கு பிளேன்டீ கொடுக்க அண்ணிக்கு மனம் வரவில்லை. பின்பக்கத்தால் இரண்டு வாசல் தள்ளியிருக்கும் என் வீட்டுக்கு ஓடிவந்து என்னிடம் ஒரு கரண்டி பால்மா வாங்கிக்கொண்டு போனார். என் வீட்டிலிருந்த பிஸ்கட்டும் அவர் தட்டுக்குப் போனது. நானும் பின்னாலேயே போய் அடுப்படியில் நின்றேன். மிஸ் கதிரையில், அண்ணி கீழே பாயில். கட்டிலில் பிள்ளைகள் இரண்டு பேரும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு காதை மட்டும் எங்களிடம் கொடுத்திருந்தார்கள். மிஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். கரண்ட் இருக்கிறதா, தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், பிள்ளைகள் எத்தனை வேளை சாப்பிடுகிறார்கள். பிள்ளைங்க நல்லா சாப்பிடுறாங்க என்று அண்ணி சொன்னார். அது உண்மைதான். பிறகு மிஸ், போன மாதத்தில் வீட்டில் பெரியவர்கள் யாராவது முழு நாளும் சாப்பிடாமல் இருந்தீர்களா என்று கேட்டார்.

அண்ணி கட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "இருப்பேன் மிஸ். அது விரதம்" என்றார்.

மிஸ்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. தாங்களும் ஒரு மாதம் முழுக்க நோன்பு பிடிப்பதாகவும், தன் உம்மா சுகமில்லாத நிலையிலும் ஒரு நோன்பையும் விடுவதில்லை என்றும் சொன்னார். எந்தச் சாமிக்கு எந்த நாள், எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக்கூடாது என்று ஆசையாகக் கேட்டார். அண்ணியும் சொன்னார். கடவுளுக்குப் பயந்த பெண்கள் மூன்று பேர் அந்தச் சின்ன அறைக்குள் மனம் குளிர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சின் நடுவே மிஸ்ஸின் விரல் டெப்பில் ஒரு கட்டத்தைத் தொட்டது. சமயக் காரணம் என்ற கட்டம். அதைத் தொட்டால் அது பசிக் கணக்கில் சேராதாம். போகும்போது நிலையில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, ஏதும் தேவையென்றால் கூப்பிடச் சொல்லித் தன் போன் நம்பரையும் தந்துவிட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து மெப் வந்தது. அதில் சிவப்பாக இருக்கிற இடங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடும், வீடுகளுக்கு உலர் உணவுப் பொதியும் கொடுக்கத் தொடங்கினார்கள். தூரத்துத் தோட்டத்துக்குக் கொடுத்தார்கள், ஆற்றோரத்து ஊர் ஒன்றுக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தது நியாயம். அங்கேயும் வயிறுதான் இருக்கிறது. எங்கள் சந்துக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. விசாரித்தபோது ஆபீசுக்கு, அந்தக் கந்தோருக்குப் போய்க் கேட்கச் சொன்னார்கள். அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கந்தோரில் அதிகாரி சேர் மரியாதையாகத்தான் பேசினார். கதிரை காட்டி உட்காரச் சொன்னார். அந்த மரியாதைதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு வந்திருப்பேன். சுவரில் பெரிய மெப் ஒன்று தொங்கியது. சிவப்பு, மஞ்சள், பச்சை. பேனையால் தொட்டு, இதுதான் உங்கள் இடம் என்று காட்டினார். நல்ல பச்சை. மழைக்குப் பிறகு தேயிலை தளிர்த்த மாதிரிப் பச்சை. மேல்ரோடும் ஹோட்டலும் எங்கள் சந்தும் ஒரே பச்சைக்குள் கிடந்தன.

எங்கள் பிரிவை முழுசாகச் சேர்த்துப் பார்த்தால் நிலைமை மோசமில்லை என்று சேர் விளக்கினார். மேல்ரோட்டு வீடுகளின் குளிர்சாதனப் பெட்டியையும் அண்ணியின் அடுப்பையும் கூட்டி இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு அரை வயிறு வரும், அது எனக்கும் விளங்குகிறது. ஆனால் அப்படிப் பிரித்து எங்கள் பங்கைக் கொண்டுவந்து தர மேல்ரோட்டிலிருந்து யாரும் மதிலைத் தாண்டி இறங்கவில்லையே. நான் அதைக் கேட்டேன். சேர் சிரித்தார்.

"கோபப்படாதீங்க அம்மா. உங்க லைன்ல சாப்பிடாம இருந்தோம்னு சொன்ன லேடீஸ் எல்லாருமே விரதம்னுதான் சொல்லியிருக்காங்க. பக்தியான இடம். அதுக்கு நாங்க சிவப்பு போட ஏலாது தானே" என்றார்.

எல்லாருமே. எங்கள் சந்தில் யார் யார் விரதம் பிடிக்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். கோயில் அடுப்பில் நிற்கிறவள் நான். அம்மன் எந்த நாள் என்று கேட்டால் தடுமாறுகிறவர்களும் அந்தச் சந்தில் இருக்கிறார்கள். அவர்களுமா விரதம்? திரும்பி அண்ணியைப் பார்த்தேன். அண்ணி மெப்பைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் இல்லாததால் நடந்தே திரும்பினோம். குளக்கட்டுக்கு வந்ததும் தலை சுற்றுகிறது என்று அண்ணி உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஓரத்தில் யாரோ மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். கொழுத்த மீன்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்தன. அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று என்ன கிழமை என்று யோசித்தேன். திங்கள். திங்களுக்கும் ஒரு சாமியைக் கண்டுபிடித்துவிட்டாரா என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அண்ணி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"சோறு பத்தாதுன்னு சொன்னா அந்தப் புள்ளைங்க ஒரு வாய் திங்காது பாப்பா. பெரியவ தட்ட எங்கிட்ட தள்ளிருவா. விரதம்னு சொன்னாத்தான் சாப்பிடுதுங்க" என்றார். பிறகு, "அந்த மிஸ்ஸு கேட்டப்ப ரெண்டும் கட்டில்ல குந்திக்கிட்டிருந்துச்சுங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்?" என்றார்.

எங்கள் சந்தில் எல்லா வீடும் ஒரே அறைதான். எல்லா வீட்டிலும் பிள்ளைகள் அந்தக் கட்டிலில்தான் இருந்திருப்பார்கள். ஒரு தாயை அவள் பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார வைத்து, நீ பட்டினி கிடக்கிறாயா என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? வானத்திலிருந்து பார்த்தால் எங்கள் கூரை தெரிகிறதாம், சந்து தெரிகிறதாம், மதில் தெரிகிறதாம். அந்தக் கட்டில் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பசியை அப்படியே தூக்கி அம்மன் கணக்கில் எழுதிவிட்டார்கள். நான் அம்மனைக் கும்பிடுகிறவள். அவள் கேட்ட விரதம் எது, கேட்காதது எது என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பங்கு வைப்பதற்காக வேகிற வயிற்றை எந்தத் தெய்வமும் தனக்கு என்று வாங்கிக்கொள்ளாது. அதைத் தெய்வத்தின் பேரில் எழுதிப் பச்சை பூசுகிறவர்களுக்கு நான் சாபம் கொடுக்கவில்லை. சாபம் கொடுப்பது பாவம். ஆனால் அம்மனிடம் முறையிட்டேன். இன்னும் முறையிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மிஸ்ஸுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த நாள், பஸ் ஓடாத அந்தக் காலத்தில், யாரோ போகிற வான் வண்டியில் தொற்றிக்கொண்டு மஹய்யாவைக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம். அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். அண்ணி அவருக்கு ஆறுதல் சொன்னார், பாருங்கள். நீங்க என்ன செய்வீங்க மிஸ், நான் சொன்னதத்தானே நீங்க போட்டீங்க என்றார். மிஸ் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நோன்பு எண்டா அது திறக்கிறதுக்கு ஒரு நேரம் இரிக்கணும் தாத்தா. பாங்கு சொன்னா எங்களுக்கு ஒரு பேரீச்சம்பழமாவது இரிக்கும். ஒங்களுக்கு அந்த நேரமே வரல்லயே. இத நான் எப்பிடி நோன்பு எண்டு போட்டேன்" என்றார். தாத்தா என்றால் அவர்கள் பக்கம் அக்கா.

எவ்வளவோ புத்தகங்கள் படித்தவர்கள் கூடி அந்தக் கேள்விகளைத் தயாரித்திருப்பார்கள். இந்த ஒரு வரியை யாராவது சேர்த்திருக்கலாம். விரதம் என்கிறீர்களே, அதை முடிக்க வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று. மிஸ் அங்கிருந்து நேராகக் கந்தோருக்குப் போனார். மறுபடி சந்து முழுக்கப் போய், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் கேட்டு வருகிறேன், கூலி வேண்டாம் என்றாராம். மெப் அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ரோட்டுக்குப் பூசிய தாரையே மறுமாதம் தோண்டுகிற நாட்டில், ஒரு தாளில் பூசிய பச்சையைத் தொட முடியாதாம்.

கோயில் சார்பில் கொஞ்ச நாள் சந்துக்குக் கஞ்சி காய்ச்சினோம். மிஸ்ஸின் ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து அரிசி வந்தது. அதுவும் எத்தனை நாளைக்கு? பெரியவளின் சோதனை முடிந்ததும் அண்ணி பாஸ்போட் எடுத்தார். வளைகுடாவில் ஒரு வீட்டில் சமையல் வேலை. போகிற அன்று ஒரு வெள்ளிக்கிழமை. விடிய எழும்பி நிலையைத் துடைத்து மஞ்சள் பூசினார், பொட்டு வைத்தார், ஸ்டிக்கருக்கும் வைத்தார். குங்குமச் சிமிழை என் கையில் கொடுத்துவிட்டு, சின்னவன் எழும்புவதற்கு முன்பே வான் வண்டியில் ஏறிவிட்டார். எழுப்பினால் போக முடியாது என்று தெரியும். எத்தனையோ நாள் சோறு இல்லாமல் எழும்பியவர், அன்று சின்னவனின் தலையணைப் பக்கத்திலிருந்துதான் எழும்ப முடியாமல் இருந்தார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் போனில் பேசுவார். மூணு வேளையும் சாப்பிடுறேன் பாப்பா, உடம்பு வச்சிருச்சு என்பார். விரதம் உண்டா என்று கேட்டால், வெள்ளி மட்டும்தான், அந்தி சாய்ஞ்சதும் சோறு சாப்பிட்டு முடிச்சிருவேன் என்பார். அந்தியில் விரதம் முடித்து ஒரு வாய் சோறு உண்பதற்கு அந்த மனுசி கடல் தாண்டிப் போகவேண்டியிருந்தது. அண்ணன் விடியவே மார்க்கெட்டுக்குப் போய்விடுவார், பிள்ளைகள் என்னோடுதான் சாப்பிடுகிறார்கள். சின்னவன் இப்போதெல்லாம் சோற்றைத் தட்டில் மிச்சம் வைக்கிறான். யாருக்கு என்று நான் கேட்பதில்லை.

போன வாரம் புது மெப்புக்காக அண்ணி வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். இந்தத் தடவை டெப் இன்னும் மெல்லிசு, புள்ளி துள்ளாமல் உடனே கூரையில் விழுந்தது. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு வாசலில் வைத்தே பதில் சொன்னேன். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். வீட்டு ஆட்கள் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று கேட்டார். பிள்ளைகளின் அம்மா என்றேன். அப்படியென்றால் இந்த வீடு எப்படியும் பச்சையில்தான் வரும் என்று நல்ல செய்தி சொல்வது போலச் சொன்னார்.

"தாயில்லாம ரெண்டு புள்ளைங்க கெடக்குற வீட்டுக்கு உங்க மெப்புல என்ன நெறம் தம்பி?" என்று கேட்டேன்.

அவர் டெப்பைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இதில் இல்லை அம்மா என்றார்.

புது ஸ்டிக்கர் ஒட்டுவதற்காக, பழையதை உரிக்க நகத்தைக் கொண்டுபோனார். அதைத் தொடாதீங்க, புதுசப் பக்கத்துல ஒட்டுங்க என்றேன். இதில் சிவப்பாக இருக்கிறதே என்ன என்று கேட்டார். குங்குமம் என்றேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. அண்ணி தந்த சிமிழைத் திறந்து நிலைக்குப் பொட்டு வைத்தேன். புது ஸ்டிக்கருக்கு வைக்கவில்லை. பழையதில் இருந்த பொட்டு மழைக்கு வெளிறிப் போயிருந்தது. அண்ணி விரல் பட்ட அதே இடத்தில் அழுத்தி வைத்தேன். கந்தோர் சுவரில் எங்கள் சந்துக்கு யாரும் தராத சிவப்பு அது. அண்ணி திரும்பி வருகிற வரைக்கும் அது வெளிற நான் விடமாட்டேன்.